பூவை விட்டுப் பாதத்தைப் பாருங்கள்: கடல் சாமந்தி வளர்ப்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முதலில் எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் தொட்டிப் பாறையில் தானாக முளைத்த ஒரு சிறு கடல் சாமந்தியை (ஸீ அனிமோன் என்னும் கடல் விலங்கு) படமெடுத்து அனுப்பி, இது என்ன என்று கேட்டார். பச்சை நிறம், கட்டையான கைகள், நுனியில் சின்னக் குமிழ்கள். "பபிள் டிப் குட்டி, உங்களுக்கு நல்ல யோகம்" என்று, நுனியில் குமிழுள்ள வளர்ப்புச் சாமந்தி வகையின் பெயரைச் சொல்லிப் பதில் எழுதிவிட்டோம். அவரும் ஆசை ஆசையாக இறால் துணுக்கு ஊட்டி வளர்த்தார். நான்கே மாதத்தில் பாறை முழுக்கக் குட்டிகள். பக்கத்திலிருந்த பவளங்கள் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கிவிட்டன. அது பபிள் டிப்பே அல்ல, மஜானோ என்னும் களை. பாறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பாறை கொடுத்தோம். கொடுத்த தவறான பதிலைத் திரும்ப வாங்க முடியவில்லை.

எங்கே சறுக்கினோம் என்று யோசித்தால், படம் மேலிருந்து எடுக்கப்பட்டது. நாங்களும் பூவை மட்டும் பார்த்தோம். சாமந்தி என்று பெயர் வைத்ததே இந்த வினைக்குக் காரணமோ என்று சில சமயம் தோன்றும். இது பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவான விலங்கு. நடுவில் ஒரே ஒரு வாய். உண்பதும் கழிப்பதும் அதன் வழியாகத்தான். வாயைச் சுற்றிக் கொட்டும் செல்கள் நிறைந்த கைகள், கீழே தண்டு, அதற்கும் கீழே பற்றிக்கொள்ளும் பாதம். இவற்றில் நிறமும் கைகளும்தான் அதிகம் ஏமாற்றுபவை. வெளிச்சம், நீரோட்டம், உணவு எது மாறினாலும் அவையும் மாறும். கடையில் குண்டு குண்டாகக் குமிழோடு வாங்கிப் போன பபிள் டிப், வீட்டில் ஒரே மாதத்தில் நூல்நூலாக நீண்டுவிட்டது என்று வராத புகார் இல்லை. அதே விலங்குதான், மாற்றிக் கொடுத்துவிடவில்லை. பாதமும் தண்டும் அவ்வளவு எளிதில் குணம் மாறுவதில்லை.

பபிள் டிப்பின் பாதம் பாறை இடுக்கைத் தேடும். தண்டு வழவழப்பாக இருக்கும், பருக்கள் இருக்காது. பயந்தால் மொத்த உடலும் இடுக்குக்குள் போய்விடும். நீளக் கைச் சாமந்திக்கு மணல்தான் வீடு. பாதம் சிவந்த நிறத்தில் இருக்கும், தண்டின் மேற்பகுதியில் வெள்ளைப் பருக்கள் வரிசையாகத் தெரியும். வெறும் கண்ணாடித் தரையில் விட்டால் நிம்மதியில்லாமல் அலையும், பத்து செ.மீ. ஆழத்துக்காவது மணல் வேண்டும். கார்பெட் வகைகளில் ஹாடோனியும் மணலில் புதைந்துதான் உட்காரும்; கட்டையான கைகள் கம்பளம் போல் விரிந்து கிடக்கும். ஒட்டும் தன்மை மிக அதிகம், அசந்த மீனை விழுங்கிவிடும். இன்னொரு கார்பெட்டான மெர்டன்சி, கடலில் ஒரு மீட்டரையும் தாண்டி விரியக்கூடியது. வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, கேட்டாலும் தருவதில்லை. மேக்னிஃபிகா என்னும் வகை பாறையின் உச்சியில், எல்லாரும் பார்க்கும்படி உட்காரும். சுருங்கிப் பந்து போலானால் ஊதாவோ சிவப்போ, தண்டின் நிறம் பளிச்சென்று தெரியும். அழகுதான், ஆனால் மிகுந்த வெளிச்சமும் வேகமான நீரோட்டமும் கேட்கும். பிடிக்காவிட்டால் ஊர்வலம் கிளம்பிவிடும்.

இனி களைகளுக்கு வருகிறோம். அய்ப்டேசியா பெரும்பாலும் பாறையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பழுப்புக் கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு, அதன் மேல் கூரான நீண்ட கைகள், மொத்தமே இரண்டு மூன்று செ.மீ. ஒரு குச்சியை மெதுவாக அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். தொடுவதற்கு முன்பே, கண்ணிமைக்கும் நேரத்தில், துளைக்குள் மறைந்திருக்கும். பாறையில் ஒரு பழுப்புப் புள்ளிதான் மிச்சம். மஜானோ அப்படி ஓடாது. சாவகாசமாகச் சுருங்கும், வெளியிலேயே நிற்கும். பபிள் டிப் குட்டியோடு அதைக் குழப்பிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

அய்ப்டேசியாவைக் கிள்ளி எறிவது போன்ற தப்பு வேறில்லை. அது நகரும்போதே பாதத்தின் ஓரத்திலிருந்து சிறு துணுக்குகளை விட்டுச் செல்லும். ஒவ்வொரு துணுக்கும் தனி விலங்காக வளரும். நீங்கள் கத்தியால் சுரண்டினால் அந்த வேலையை அதற்காக நீங்களே செய்துகொடுத்ததாகும். ஒன்றிரண்டுதான் என்றால், தொட்டிக்கென்று விற்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் வைக்கலாம். ஒரே நாளில் இருபது முப்பதுக்கு வைத்தால் நீரின் காரத்தன்மை எகிறிவிடும். பெப்பர்மின்ட் இறால் தின்னும். ஆனால் எல்லா இறாலும் தின்னும் என்று நாங்கள் சத்தியம் செய்ய மாட்டோம். பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தைக்கு அய்ப்டேசியாவைத் தவிர வேறு உணவே கிடையாது. தீர்ந்ததும் பட்டினிதான், ஆகவே அடுத்த தொட்டிக்காரருக்குக் கைமாற்றி விடுங்கள். நாம் இப்படி விரட்டும் இதே பிராணியைத்தான் பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் ஆய்வகத்தில் கொஞ்சி வளர்க்கிறார்கள்.

சாமந்தி என்று எண்ணி ஏமாறக்கூடியவை இன்னும் இரண்டு. மென்மையான குழாய்க்குள் வாழ்வது, கைகள் உள்வட்டம் வெளிவட்டம் என்று இரண்டு அடுக்காக இருப்பது குழாய்ச் சாமந்தி. பெயரில்தான் சாமந்தி, இனம் வேறு. சட்டைப் பொத்தான்கள் போல் கூட்டமாக முளைப்பவை சோவாந்திட்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. பாறையை வெந்நீரில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். ஆவியைச் சுவாசித்தாலே ஆபத்து.

வாங்கும்போதும் பாதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், தயங்காமல் காட்டுவோம். பாதம் கிழிந்திருந்தால் அந்தச் சாமந்தி தேறுவது கடினம். வாய் மூடியிருக்க வேண்டும். பிளந்து உள்ளே தெரிந்தால் வேண்டாம். பழுப்பு நிறத்தை மட்டமாக நினைக்காதீர்கள், உடலுக்குள் வாழும் பாசியின் நிறம் அது; சாமந்திக்குப் பெரும்பகுதி உணவைச் சமைத்துத் தருவதும் அந்தப் பாசிதான். தூய வெள்ளை என்றால் பாசி போய்விட்டது என்று அர்த்தம். உடல் முழுக்க ஒரே சீரான எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் சாயம் ஏற்றியது.

புதுத் தொட்டிக்குச் சாமந்தி தருவதில்லை என்று நாங்கள் அடம்பிடிப்பது பலருக்கு வருத்தம். ஆறு மாதமாவது ஓடிய தொட்டி, 1.025க்கு அருகில் ஒப்படர்த்தி (நீரின் உப்பளவைக் காட்டும் எண்), 25 அல்லது 26 டிகிரி வெப்பம், இவை நிலையாக இருக்கட்டும். பம்பின் உறிஞ்சும் வாய்க்கு வலை மாட்டுங்கள். இரவில் நடந்துபோய்ச் சிக்கிக் கூழானவை ஏராளம். மீனுக்கு நோய் என்று செம்பு மருந்தை அதே தொட்டியில் ஊற்றக் கூடாது. எப்போதாவது சுருங்கிப் பழுப்பு இழையைத் துப்பினால் பதறவேண்டாம், அது கழிவு. இரண்டு மூன்று நாளாகச் சுருங்கியே கிடந்து, வாய் பிளந்து, நாற்றமும் அடித்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். செத்த சாமந்தி ஒரே இரவில் தொட்டியையே கெடுத்துவிடும்.

கோமாளி மீன் இருந்தால் சாமந்தி கட்டாயமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாமந்தி இனங்களில் சுமார் 10 தான் கோமாளி மீனுக்கு இடம் தருபவை. தொட்டியில் அவை இல்லாமலும் மீன் சுகமாக வாழும். சாமந்தியை வாங்குவதென்றால் அதற்காகவே வாங்குங்கள், நெடுநாள் துணையாக வரும். 1828இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இயற்கையியலாளர் ஜான் டாலியெல் எடுத்துவந்த ஒரு சாமந்தி, கண்ணாடிச் சாடியிலேயே கைமாறி, 'பாட்டி' என்று செல்லப்பெயர் பெற்று, 1887 வரை உயிரோடிருந்தது. அவர் காலமாகி 36 ஆண்டுகள் கழித்துத்தான் அது செத்தது.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள். நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தில் எடுங்கள்; நீலத்தில் எல்லாமே பச்சையாக ஒளிரும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் தண்டும் பாதமும் தெரிய ஒன்று, சுருங்கியிருக்கும்போது ஒன்று. பாதம் மணலிலா, பாறை இடுக்கிலா, உச்சியிலா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். பாதம் தெரியாத படத்துக்கு இனி நாங்கள் பெயர் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மீன் தொட்டிக் கடையினர்