அந்த நூறு தாலந்துக்கு என்ன செய்வது?

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். பயணப்படி பில்லில் கூட்டி எழுதி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டுமா, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். முழுமனதோடு கீழ்ப்படிவதைப் பற்றிப் பொதுவாகக் கேட்கிறவர்கள் நிறைய பேர். நீ 8,000 ரூபாய் என்று தொகையோடு கேட்டாய். பதிலும் கணக்கோடே இருக்கட்டும்.

வேதத்தில் 2 நாளாகமம் 25-ஐத் திற. யூதாவின் ராஜா அமத்சியா யுத்தத்துக்காகப் பக்கத்து ராஜ்யமான இஸ்ரவேலிலிருந்து 1,00,000 பேரை 100 தாலந்து வெள்ளிக்குக் கூலிக்குப் பிடித்தான். தாலந்தும் சேக்கலும் அந்தக் காலத்து எடை அளவுகள். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்றால் ஆளுக்கு 3 சேக்கல். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதே என்று தேவனுடைய மனுஷன் ஒருவன் சொன்னதும் ராஜா கேட்டது உன் கேள்வியைத்தான்: கொடுத்துவிட்ட நூறு தாலந்துக்கு என்ன செய்வது? அதைவிட அதிகமாய்க் கொடுக்கக் கர்த்தரால் கூடும் என்று பதில் வந்தது. படையை அனுப்பிவிட்டான்.

பிரசங்கம் பெரும்பாலும் இந்த இடத்தில் ஆமென் சொல்லி முடிந்துவிடும். வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கத் தோதான வசனம் வேறு. ஆனால் அதிகாரம் முடியவில்லை. அந்த வெள்ளி திரும்பி வந்ததாக அதில் ஒரு வரியும் கிடையாது. கோபத்தோடு திரும்பிப் போனவர்கள் யூதாவின் பட்டணங்களில் விழுந்து 3,000 பேரை வெட்டிப்போட்டார்கள். கேளாமல் கூலிக்குப் பிடித்ததன் பாக்கி அது என்றுதான் நான் வாசிக்கிறேன். உனக்கும் பாக்கி இருக்கலாம். வேலை போகாது என்று சொல்ல என்னிடம் வசனம் இல்லை.

செய்யவேண்டிய முறை எண்ணாகமம் 5-ல் இருக்கிறது. முதலில் அறிக்கை, பிறகு முழுத்தொகை, அதோடு ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் உரியவன் கையில். 8,000-க்கு 1,600 கூட்டினால் 9,600. கையும் களவுமாகப் பிடிபட்டவனிடம் யாத்திராகமம் 22 இரட்டிப்பாய்க் கேட்கிறது. தானாக வந்து ஒத்துக்கொள்கிறவனுக்கு இவ்வளவுதான். நாம் நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது மோசேயின் சட்டத்துக்கு, கீழ்ப்பட்டவர்கள் அல்லவே என்பாய். சரி, இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட வரிவசூல்காரன் சகேயுவிடம் யாரும் கேட்காமலே அவன் நாலத்தனையாக, நாலு மடங்காக, தருகிறேன் என்றான்.

பலரும் தவறுவது காணிக்கைப்பெட்டியில்தான். திருப்பிக் கொடுக்கவேண்டியதை ஆலயத்தில் போட்டுவிட்டு மனம் லேசானதாக நினைத்துக்கொள்கிறார்கள். வாங்கிக்கொள்ள உரியவனுடைய உறவினன்கூட இல்லாதபோதுதான் அது ஆசாரியனுக்குப் போகும். உன் கம்பெனி இன்னும் இருக்கிறதே! பெயர் சொல்லாமல் கணக்கில் போட்டுவிடுவதும் உதவாது, அதில் அறிக்கை இல்லை. எந்தெந்தத் தேதி, எந்த பில், எவ்வளவு கூட்டினாய் என்று ஒரு பக்கத்தில் எழுதி நேரில் கொடு. கூட வேலை செய்கிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற வரி அதில் வரக்கூடாது. பணம் போதவில்லையா, கடன் வாங்காதே. தவணைத் தேதிகளை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடு.

இதற்குப் பிறகுதான் எனக்குப் பயம். அமத்சியா விழுந்தது நூறு தாலந்தில் அல்ல. அந்த யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பும்போது, தான் தோற்கடித்த சேயீர் புத்திரரின் தெய்வங்களைக் கொண்டுவந்து பணிந்துகொண்டான். தங்கள் ஜனத்தையே உம் கைக்குத் தப்புவிக்காத தெய்வங்களை ஏன் நாடினீர் என்று தீர்க்கதரிசி கேட்டதற்கு, உன்னை ஆலோசனைக்காரனாக வைத்தது யார் என்று வாயை அடைத்தான். பிறகு இஸ்ரவேலின் ராஜாவை வலியப் போருக்கு அழைத்து, பெத்ஷிமேசில் தோற்று, தன் நகரமான எருசலேமின் அலங்கத்தில், அதாவது மதிலில், 400 முழம் இடிபடக் கண்டான். வெள்ளியை விட்டுக்கொடுத்தவனுக்கு ஒரு கேள்வியைத் தாங்க முடியவில்லை. அவன் செம்மையானதைச் செய்தான், ஆனால் முழுமனதோடு அல்ல என்று இரண்டாம் வசனத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே பணத்தைக் கட்டிய கையோடு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்துவிடாதே. இன்னொன்று. அப்பாவோடு ஏன் பேசுவதில்லை என்று போதகர் கேட்டதாக எழுதியிருந்தாய். நீ என்ன பதில் சொன்னாய் என்பதைக் கடிதத்தில் காணோம்.

அன்புடன்,
அண்ணன்