அறிவித்தலைப் படமாக ஏற்றாதீர்கள்

வன்னியின் அரச அலுவலகங்களிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் இணையத்தளப் பொறுப்பிலுள்ள உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம்.

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அறிவித்தலைத் தட்டச்சு செய்து, கையொப்பமும் முத்திரையும் இட்டு, ஸ்கான் பண்ணித் தளத்தில் ஏற்றினால், விழிப்புலனற்ற ஒருவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் கைத்தொலைபேசி அதைப் 'படம்' என்று மட்டுமே சொல்லும். எத்தனை மணிக்குத் திறக்கிறது, எந்தக் கிராமத்தார் விலக வேண்டும் என்பதெல்லாம் அவர் காதுக்கு எட்டாது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் கண்ணை இழந்தவர்கள் வாழும் மண் இது.

கையொப்பமிட்ட பிரதி கோப்பில் இருக்கட்டும். தளத்தில் அதே வாசகத்தை எழுத்தாக இடுங்கள். பிடிஎவ் கட்டாயம் என்றால் வேர்ட்டிலிருந்து நேரே சேமியுங்கள்.

ஆனால் எதில் தட்டச்சு செய்தீர்கள் என்பதுதான் பெரிய சிக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா' கண்ணுக்குத்தான் அம்மா. கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். திரையிலுள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அவற்றைத்தான் வாசிக்கும். பிடிஎவ்வுக்குள் எழுத்துருவும் சேர்ந்து போவதால் பார்ப்பவருக்குப் பிழையே தெரியாது. அதனால்தான் இந்தத் தவறு ஆண்டுக்கணக்காகத் தொடர்கிறது. இனி, தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே பதியும் யூனிகோட்டிலேயே அடியுங்கள். பழைய கோப்புகளை யூனிகோட்டாக்கும் மாற்றியில் போடும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் போடுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துப் போட்டால் அவையும் தமிழெழுத்தாகிச் சிதைந்துவிடும்.

தளத்தை வடிவமைப்பவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மொழிக் குறி, தமிழ்ப் பக்கத்தில் தமிழாகவே இருக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தமிழாக்கும்போது பழைய குறி அப்படியே தங்கிவிடுகிறது. பிறகு ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும். படிவத்தில் 'அடையாள அட்டை இலக்கம்' என்ற சொல்லைப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதினால் போதாது, நிரலில் அந்தப் பெட்டியோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்றே தெரியாமல் நிரப்ப வேண்டியதுதான். மங்கலாகப் பார்வை உள்ளவர்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வில் 4.5:1 வேறுபாடாவது தேவை. வெள்ளையின்மேல் 767676 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் நிறம் ஏறக்குறைய அந்த எல்லையில் நிற்கிறது. அதைவிட வெளிறினால் சேராது. ஓடும் எழுத்தை எடுத்தே விடுங்கள்.

சோதிக்கச் செலவில்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். அதை நிறுவி, மவுஸைக் கழற்றி, திரையை அணைத்துவிட்டு 'எச்' விசையை அழுத்துங்கள். தலைப்புக்குத் தலைப்பு தாவ வேண்டும். தாவாவிட்டால், தலைப்புகளைத் தலைப்பென்று குறிக்காமல் வெறுமனே தடித்த எழுத்தாக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு டாப் விசையால் மட்டும் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் எங்கள் பயிலுநர்களும் சிக்குகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 9ஆம் உறுப்புரை இணையத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அடுத்த மாரிக்கு முன்னர் அனர்த்த அறிவித்தல்களையாவது எழுத்தாக ஏற்றத் தொடங்குங்கள். மற்றப் பக்கங்களைப் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தலாம்.

இப்படிக்கு,
விழிப்புலனற்றோருக்குக் கணினி கற்பிப்போர்,
கிளிநொச்சி