பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்: இரண்டாம் பருவத் தொடக்கம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. பிள்ளைகள் தேர்வை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவிலும் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் பரிசு பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள். கழிப்பறைக் கதவுகளும் ஒருவழியாகச் சரிசெய்யப்பட்டுவிட்டன.

இத்துடன் ஒன்றைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் வட்டார வள மையத்தில் நடந்த மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு, முன்கூட்டியே தெரிவித்திருந்தும், நம் பள்ளியிலிருந்து பாதிப் பெற்றோர்கூட வரவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவதன் சிரமத்தையும், மாற்றுத்திறன் சான்றிதழ் வாங்கினால் நாளை கல்யாணப் பேச்சில் தடையாகுமோ என்ற தயக்கத்தையும் நான் அறிவேன்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான செலவில் ஒன்றிய அரசு 60 விழுக்காட்டையும் மாநில அரசு 40 விழுக்காட்டையும் ஏற்க வேண்டும். மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்பது அத்திட்டத்தின் கணக்கு. மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. முகாமில் மதிப்பிடப்பட்டு, எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஏறாத பிள்ளைக்கு இவற்றில் எதையும் கேட்டுப் பெற எங்களால் இயலாது. இதே திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காததால் மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்த வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் பணியன்று.

ஆனால், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கும் மங்கலாகப் பார்வை தெரியும் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலில் நிதி கணக்கிடப்படுவதும், பள்ளி மானியம் 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய், அதற்கு மேல் ஒருவர் கூடினால் 50,000 ரூபாய் என்று தாவுவதும் மாற வேண்டியவை என்பது என் கருத்து. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதற்குத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம். நம் பிள்ளைகளின் எண்ணிக்கையையே நாம் சரியாகக் காட்டாதபோது, எதை வைத்துக் கேட்பது?

ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை, கரும்பலகையைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரின் நோட்டை மூக்கருகே இழுத்து வைத்துத்தான் எழுதுகிறது. பெரிய எழுத்துப் பாடநூல் தர எங்களுக்கு விருப்பம்தான். மதிப்பீடு முடியாமல் எப்படிக் கேட்டு வாங்குவது?

எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறைபாட்டை மறைத்து வைப்பதைக் குடும்பத்தின் சொந்த விஷயம் என்று இனி நான் விட்டுவிடப் போவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும். அந்த விழுக்காட்டை மருத்துவர்தான் சொல்ல முடியும். நீங்களும் நானும் ஊகிக்க முடியாது.

அடுத்த முகாமுக்குச் சிறப்புப் பயிற்றுநரும் நம் ஆசிரியர் ஒருவரும் உடன் வருவார்கள். ஆதார் நகல், புகைப்படங்கள், பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். சான்றிதழ் விவரம் வகுப்பில் எவருக்கும் தெரிவிக்கப்படாது. சென்ற முறை தம் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அழைத்து வந்த தாய்மார்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி