அந்த மாணவர் எதையும் அழுத்தவில்லை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் நம் பள்ளிக் கணினி அறையில் நடந்ததைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். "யாரோ ஒரு பையன் கண்ட கண்ட சைட்டுக்குப் போய் வைரஸை இழுத்து விட்டுட்டானாம்" என்று ஊருக்குள் பேச்சு சுற்றுகிறது. அது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் வேதியியல் பழைய வினாத்தாளைத் தேடி ஒரு பக்கத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க விளம்பரங்கள். வினாத்தாள் கிடைக்காததால் மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை கணினி ஆசிரியை மதிப்பெண் பட்டியலைத் திறக்கப் போனால், எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத எழுத்துகள் வால் போல ஒட்டியிருந்தன. ஆண்டு விழாப் படங்கள் வெறும் வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தன. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. பணம் கொடுக்கவில்லை. மதிப்பெண்களை ஆசிரியர்களின் நோட்டிலிருந்து திரும்ப ஏற்றிவிட்டோம். படங்கள் போனது போனதுதான்.

அன்று அந்த மாணவரை என் அறைக்கு அழைத்து, "என்னத்தை அழுத்தினே?" என்று மூன்று முறை கேட்டேன். "ஒண்ணும் அழுத்தல சார்" என்று மூன்று முறையும் சொன்னார். நான் நம்பவில்லை. மாலையில் கணினியைச் சரிபார்க்க வந்தவர், "பையன் சொல்றது சரிதான் சார். பக்கத்தைத் திறந்தாலே போதும், இந்த மெஷின்ல பூந்துடும்" என்றார். மறுநாளே அந்த மாணவரிடமும் அவர் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை அநியாயமாகத் திட்டு வாங்கக் கூடாது.

பக்கத்தைத் திறந்தாலே எப்படிப் புகும் என்று நானும் கேட்டேன். புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால், அதிலுள்ள படம், எழுத்து, வீடியோ எல்லாவற்றையும் உலாவி (பிரவுசர்) நம் கணினிக்குள் கொண்டுவந்து பிரித்துப் பார்த்துத்தான் திரையில் காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இவ்வளவு இடம் என்று ஒதுக்கும். வருகைப் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தப்பாகக் கட்டப்பட்ட ஒரு படம் வந்தால், பிழையுள்ள மென்பொருள் அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள்ளும் எழுதிவிடுகிறது. அங்கே என்ன எழுதப்பட வேண்டும் என்பதைப் படத்தை அனுப்பியவன் முடிவு செய்கிறான். அது ஒரு கட்டளையாக இருந்தால் கணினி அதன்படி நடக்கும். இதில் நம் விரலுக்கு வேலையே இல்லை.

இது கற்பனை இல்லை. 2023 செப்டம்பரில், வெப்பி (WebP) வகைப் படங்களைப் பிரித்துக் காட்டும் நிரலில் இதே மாதிரி ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று நாம் தினமும் பயன்படுத்தும் உலாவிகள் எல்லாவற்றுக்கும் அவசரமாகத் திருத்தம் (அப்டேட்) வந்தது.

"நல்ல தளங்களுக்கு மட்டும் போனால் போதாதா?" என்று ஒரு அப்பா கேட்டார். போதாது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களைப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கே இது நடந்தது. அந்தத் தளங்களில் விளம்பரத்துக்கென்று விட்ட இடத்தை வெளி நிறுவனங்கள் வழியாக ஏலத்தில் விற்கிறார்கள். அந்த வழியாகக் கெட்ட விளம்பரம் உள்ளே வந்து, வாசகரின் உலாவியைச் சத்தமில்லாமல் வேறொரு தளத்துக்குத் திருப்பிவிட்டது. அங்கே ஆங்லர் என்ற தாக்குதல் மென்பொருள் காத்திருந்தது. திருடன் சாவிக்கொத்தோடு தெருவில் நடந்து, ஒவ்வொரு பூட்டின் வகையையும் பார்த்துச் சரியான சாவியை எடுப்பது போல, வருகிறவரின் உலாவி எந்தப் பதிப்பு, வீடியோ, விளையாட்டு காட்ட அப்போது உலாவியோடு சேர்ந்து இயங்கிய ஃபிளாஷ் என்ற மென்பொருள் எந்தப் பதிப்பு என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் ஓட்டையை அது எடுக்கும். இப்படிப்பட்டவற்றை வாடகைக்கு விடும் தொழிலே நடந்தது. பிளாக்ஹோல் என்ற இன்னொரு தாக்குதல் மென்பொருளை உருவாக்கியவர் 2013-இல் ரஷ்யாவில் கைதாகி, 2016-இல் 7 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

2013 தொடக்கத்தில் ஆப்பிள், ஃபேஸ்புக் நிறுவனங்களின் பொறியாளர்களே, தங்கள் தொழில் சம்பந்தமான ஒரு தளத்துக்குப் போய் இப்படி மாட்டினார்கள். அந்த ஓட்டைக்கு அப்போது திருத்தமே வந்திருக்கவில்லை. அது அரிதாக நடப்பது. நம்மைப் போன்றவர்களை விழுத்தாட்டுவது பெரும்பாலும் திருத்தம் எப்போதோ வந்துவிட்ட பழைய ஓட்டைகள்தான்.

நம் பள்ளிக் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. குரோமும் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆண்டுக்கணக்காகப் பூட்டு மாற்றாத அறையில் பிள்ளைகளை உட்கார வைத்தது நான். தவறு என்னுடையது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாயன்று திருத்தங்களை வெளியிடுகிறது. வெளியானதும் திருடர்களும் அதை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதை அந்தத் திருத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அப்டேட் செய்துகொண்டவருக்கு ஆபத்து குறையும் அதே நாளில், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவருக்கு ஆபத்து கூடிவிடுகிறது.

உங்கள் வீட்டுக் கணினியை இன்றைக்கே ஒரு முறை பாருங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கியதைத் தம்பி இன்னும் பயன்படுத்துகிறான் என்றால், அதில் விண்டோஸ் 7 இருக்கக்கூடும். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர், "நெட் காலியாயிடும்" என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் திரும்ப இயக்கச் சொல்லுங்கள். உலாவியை வாரம் ஒரு முறையாவது முழுதாக மூடித் திறங்கள். பல நேரம் திருத்தம் உள்ளே வந்து, திரும்பத் திறப்பதற்காகத்தான் காத்திருக்கும். ஒரு எச்சரிக்கை: ஏதோ ஒரு பக்கத்தின் நடுவே "உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று வந்தால் தொடவே வேண்டாம். அப்டேட்டை உலாவியின் அமைப்புகளுக்குள் போய்த்தான் செய்ய வேண்டும். போனுக்கும் இது பொருந்தும்.

முக்கியமான படங்களையும் சான்றிதழ்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதைக் கழற்றித் தனியாக வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதிலுள்ளவையும் சேர்ந்து போகும். கணினிக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா, வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

பள்ளியின் பழைய கணினிகளில் இப்போது விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுவிட்டோம். புது விண்டோஸ் ஏற்க முடியாத பழைய மடிக்கணினி உங்களிடம் இருந்தால், வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை 10 மணிக்குப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். கணினி ஆசிரியையும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் சேர்ந்து செய்து தருவார்கள், கட்டணம் இல்லை. மேலே சொன்ன அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவரும் உதவிக்கு வருவதாகத் தானே வந்து சொன்னார். கோப்புகளை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், சார்ஜரை மறக்க வேண்டாம். வேலை முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்