பிகானேருக்குப் போன பாப்பாவுக்கு

பாப்பா,

நேத்து போன்ல "இங்க ஒண்ணுமே இல்லப்பா, மணலும் ஒட்டகமும்தான்"னு சொன்னியே, ராத்திரி பூரா அதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. போன்ல எனக்குப் பேச்சு வராது, உங்கம்மா வேற பாதியில பிடுங்கிடுவா, அதான் வாட்ஸ்அப்ல நீளமா டைப் பண்றேன், தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கோ. பட்டாளத்துல இருந்தப்ப அந்த ஊர்ல ரெண்டு வருஷம் வண்டி ஓட்டுனவன் நான், கோட்டை வாசல்ல டீ விக்கிற பெரியவர் ஒருத்தர் கிட்ட உக்காந்து நெறைய கதை கேட்டிருக்கேன்.

அந்த ஊரே ஒரு அப்பன் வாய வச்சிக்கிட்டு சும்மா இல்லாததால வந்த ஊரு. ஜோத்பூரைக் கட்டுன ராவ் ஜோதா இருக்காரே, அவரு புள்ளை பீகா ஒரு நாள் தர்பார்ல சித்தப்பா காந்தல் காதுல என்னமோ குசுகுசுன்னு சொல்லிட்டு இருந்தானாம், அதைப் பாத்துட்டு ஜோதா "என்ன, சித்தப்பனும் மவனும் புது நாடு பிடிக்கப் போறீங்களா"ன்னு நக்கலா கேட்டாராம். ரெண்டு பேருக்கும் ரோஷம் பொத்துக்கிச்சு, கொஞ்சம் ஆளுங்களைக் கூட்டிட்டு 1465ல கிளம்பிட்டாங்க. ஊருன்னு ஒண்ணு நின்னது 1488ல. நடுவுல 23 வருஷம் பாப்பா, நீ போயி நாலு மாசம்தான் ஆவுது.

உனக்கு ஆர்டர் வந்த அன்னிக்கு நீ மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருந்தப்ப "போயிப் பாரு, அப்பத்தான் வீட்டு சோத்தோட அருமை தெரியும்"னு நானும் ஒரு வார்த்தை விட்டேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நீ மறந்திருப்ப.

பீகா அப்பன் சொத்துல பங்கு கேக்கல, ஆனா வம்சத்து சாமானுங்க, சிம்மாசனம், வாள், நகரா முரசு இதெல்லாம் எனக்குத்தான்னு வாக்கு வாங்கி வச்சிருந்தான். ஜோதா செத்தப்புறம் தம்பிக்காரன் சூஜா தரமாட்டேன்னு சொல்லவும் படையோட ஜோத்பூருக்கே போயி வாங்கிட்டு வந்துட்டான். அந்த சந்தன மர சிம்மாசனம் இன்னும் ஜூனாகட் கோட்டைக்குள்ள இருக்கு. ராஜா ராய் சிங் 1589ல ஆரம்பிச்சு 1594ல முடிச்ச கோட்டை அது, மலை மேல இல்லாம தரையிலயே நிக்குது. ஒரு ஞாயித்துக்கெழமை போயிப் பாரு, ரூம்லயே படுத்துக் கெடக்காத.

நம்ம அட்சய திருதியைய அங்க ஆகா தீஜ்னு சொல்லுவாங்க, அதையொட்டித்தான் ஊரோட பொறந்த நாளும். அந்த வெயில்ல மொட்டை மாடி பூரா பட்டம் விடுவாங்க. கம்புல கீச்சடான்னு ஒண்ணு பண்ணுவாங்க, நம்ம கம்பஞ்சோறுதான், மேல நெய் ஊத்திருப்பாங்க, கூட புளி கரைச்சு வெல்லம் போட்டு இம்லாணின்னு ஒரு பானகம். யாராவது கூப்புட்டா கூச்சப்படாம போயி சாப்பிடு.

ராஜாக்கள்ல எனக்குப் பிடிச்சது கங்கா சிங்தான். ஏழு வயசு முடியறதுக்குள்ளயே 1887ல பட்டம், 1898ல முழு அதிகாரம் கைக்கு வருது, அடுத்த வருஷமே பஞ்சம். அவங்க விக்ரம வருஷக் கணக்குல அது 1956, சப்பன்னா இந்தியில அம்பத்தாறு, அதனால சப்பனியான்னு பேரு, இன்னும் அங்க கெழவிங்க அந்தப் பேரை சொன்னா மூஞ்சி மாறும். மனுஷன் சீனாவுக்கு ஒட்டகப் படையோட போயிருக்காரு, மொதல் உலகப் போர் முடிஞ்சு 1919ல போட்ட வெர்சாய் உடன்படிக்கையில கையெழுத்து போட்டிருக்காரு, அதெல்லாம் பெரிய விஷயம்தான், ஆனா எனக்கு அவரு கால்வாய்தான் பெருசு. சட்லெஜ் ஆத்துத் தண்ணிய பாலைவனத்துக்குக் கொண்டாரணும்னு வருஷக்கணக்கா வாதாடி, பஞ்சாப்கிட்டயும் பகாவல்பூர் சமஸ்தானத்துகிட்டயும் 1920ல ஒப்பந்தம் போட்டு, மணல் தண்ணிய குடிச்சிடக்கூடாதுன்னு அடியிலயும் பக்கத்துலயும் பூசி, 1927 அக்டோபர் 26ல திறந்தாங்க. ஸ்ரீகங்காநகர் பக்கம் வண்டி எடுத்துட்டுப் போவேன், மேடு மேடா மணலா வந்துட்டே இருக்கும், திடீர்னு ஒரு வாய்க்கால் பாலம், அதைத் தாண்டுனா கடுகுப் பூவு மஞ்சமஞ்சேன்னு கண்ணைப் பறிக்கும். மொதோ தடவை வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி நின்னுட்டேன், கூட வந்தவன் திட்டுனான்.

அதுக்காக தங்கமான மனுஷன்னு நெனச்சிடாத. ஆட்சியில பங்கு வேணும்னு கேட்டவங்களை ஜெயில்ல போட்டாரு, ஊரை விட்டே துரத்துனாரு, தண்ணி குடுத்த கைதான் அதையும் பண்ணுச்சு. 1943ல செத்தாரு. மவன் சாதுல் சிங் 1947ல இழுத்தடிக்காம இந்தியாவோட சேந்துட்டாரு, பேரன் கர்ணி சிங் எம்பி ஆனாரு, துப்பாக்கி சுடுறதுல அஞ்சு ஒலிம்பிக்ஸ் போயிருக்காரு.

அந்தக் கோட்டை கட்டுன ராய் சிங்கைப் பத்தி டீக்கடைக்காரரு ஒண்ணு சொன்னாரு. அக்பருக்காகப் போருக்குப் போயி தக்காணத்துல கெடந்தப்ப வழியில ஒரு ஃபோக் செடிய பாத்துட்டாராம், உங்க ஊரு மணல்ல புதர் மாதிரி முளைக்குமே அதுதான். ராஜா குதிரையில இருந்து எறங்கி அதைக் கட்டிப்பிடிச்சு, எங்களை அக்பர் கூப்புட்டாரு, வந்தோம், ஃபோக்கே நீ எதுக்கு இங்க வந்தேன்னு ஒரு பாட்டு பாடினாராம். கடைசியில அவரு செத்ததும் ஊர்ல இல்ல, 1612ல புர்ஹான்பூர்ல.

போன வாரம் உன் குவார்ட்டர்ஸ் பின்னாடி முருங்கை மரம் இருக்குன்னு போட்டோ அனுப்பி "அப்பா நம்ம மரம்"னு அத்தனை ஹார்ட் போட்டிருந்தியே, எனக்கு அந்த ஃபோக் கதைதான் ஞாபகம் வந்துச்சு. கீரைய தொரட்டி வச்சுப் பறி, மரத்துல ஏறிடாத, முருங்கைக் கொம்பு பொசுக்குன்னு ஒடிஞ்சிடும். அம்மா சாம்பார் பொடியும் புளியும் பார்சல் பண்ணிட்டா, வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு.

அப்பா