அடைப்புக்குறிக்குள் விடுபட்ட பாட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் தாய்மாரைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டரை வயதுக்குள் தாயைப் பிரிந்த பிள்ளையின் மனம் தேறவே தேறாது என்று அது முடிகிறது. சான்று, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் பிணைப்புக் கோட்பாடு, அதாவது தன்னைக் கவனிப்பவரிடம் குழந்தை ஒட்டிக்கொள்வதைப் பற்றிய கோட்பாடு. பென்னாகரம், ஏரியூர் பக்கம் இதைப் படித்த பெண்களுக்கு அன்று சோறு இறங்கியிருக்காது.

பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை கடுமையானதுதான். தாய்ப் பராமரிப்பே கிடைக்காத பிள்ளைக்கு இரண்டரை வயதுக்கு மேல் அதைக் கொடுப்பது ஏறக்குறைய வீண் என்றார். ஆனால் அதே அறிக்கையில், குழந்தைக்கு இடையறாத நெருக்கமான உறவு வேண்டும் என்று சொல்லும் இடத்தில், 'தாய்' என்று எழுதிப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'அல்லது நிலையான மாற்றுத்தாய்' என்றும் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அடைப்புக்குறியைத் தொலைத்துவிடுகிறார்கள். நம் பாட்டிகள் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

அவருடைய தொடக்கச் சான்றும் பலவீனமானது. 1944இல் அவர் வெளியிட்ட ஆய்வில் திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறார்கள். அவர்களில் பாசமற்றவர்கள் என்று அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் சிறுவயதில் நீண்ட காலம் தாயைப் பிரிந்தவர்கள். வகைப்படுத்தியவரும் பௌல்பி, பிரிவைப் பற்றி விசாரித்தவரும் பௌல்பி. தராசும் அவர் கையில், சரக்கும் அவர் கையில். வறுமையா, வீட்டுச் சண்டையா, பிரிவா, எது காரணம் என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் பின்னாளில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார்: அமைந்த பிணைப்பு அறுபடுவது வேறு, பிணைப்பே அமையாமல் போவது வேறு. நெடுநாள் கேடு அதிகம் இரண்டாவதில்தான்.

அதற்காகக் கோட்பாட்டையே குப்பையில் போட முடியாது. பௌல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் தாயைச் சில நாள் பிரிந்த சிறு பிள்ளைகளைப் படம் பிடித்தார்கள். 17 மாதக் குழந்தை ஒன்று ஒரு காப்பகத்தில் ஒன்பது நாள் இருந்தது. செவிலியர்கள் நல்லவர்கள்தான், ஆனால் முறை வைத்து மாறினார்கள். குழந்தை ஒருவரைப் பிடித்துக்கொள்ளும்; அவர் வேலை முடிந்து போய்விடுவார். கடைசியில் சாப்பாட்டை மறுத்தது. தாய் வந்தபோது அவரிடமிருந்தே விலகியது. ராபர்ட்சன் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் ஏங்கினார்களே தவிர இப்படி உடைந்துபோகவில்லை. கவனிக்கும் கை ஒன்றாக இருந்ததே வித்தியாசம்.

கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஷாஃபர், எமர்சன் ஆய்வும் (1964) இதற்கு ஒத்துவருகிறது. குறிப்பிட்ட ஒருவரைத் தேடி அழுவது ஏழு மாத வாக்கில் தொடங்குகிறது. 18 மாதத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும் ஒட்டியிருந்தவர்கள் 13 சதவீதமே.

கட்டுரை மெச்சும், தாயிடம் குழந்தைக்குள்ள பிணைப்பை அளக்கும் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் 'புதுச் சூழல்' சோதனை பற்றியும் ஒன்று. சுமார் மூன்று நிமிடம் கொண்ட எட்டுக் கட்டங்கள். தாய் இரண்டு முறை வெளியே போய்த் திரும்புவார். முக்கியமாகப் பார்ப்பது குழந்தை எவ்வளவு அழுதது என்பதையல்ல, தாய் திரும்பியதும் என்ன செய்கிறது என்பதை. கட்டுரையாளர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இன்னொன்று, ஆள் நடமாட்டம் ஓயாத வீட்டுப் பிள்ளைக்கு வெற்று அறையே ஒரு திகில். ஜப்பானில் பல குழந்தைகளுக்குத் தனியாக விடும் கட்டத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. இந்தச் சோதனையை வைத்து நடந்த 32 ஆய்வுகளை 1988இல் தொகுத்த பட்டியலில் எட்டு நாடுகள், இந்தியா இல்லை. 18 ஆய்வுகள் அமெரிக்காவினுடையவை.

நம் மாவட்டத்துச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டப்படி பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அது முடிகிற வாக்கில்தான் பிணைப்பு முளைக்கிறது. அங்கன்வாடியில் இரண்டு வயதிலிருந்துதான் சேர்க்கிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்ற விதியை மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்தது. கட்டடம் கட்டப் போகிறவர்களுக்கு இதெல்லாம் காகிதத்தில்தான்.

ஆகவே, விட்டுப் போயே தீர வேண்டுமென்றால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்கு முன்பே பாட்டியின் கை பழகட்டும். பத்து முதல் பதினைந்து மாதத்தில் திடீரென்று கைமாற்றுவதுதான் மிகக் கடினம். இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். முதல் சில நாள் தாய் பக்கத்தில் இருக்க, பாட்டி குளிப்பாட்டி ஊட்டட்டும். பிறகு அரை மணி நேரம், அதன்பின் அரை நாள் என்று விலகலாம். தூளிக்குத் தாய் உடுத்திய சேலை இருக்கட்டும். ராபர்ட்சன் வீட்டிலும் பிள்ளையின் சொந்தப் படுக்கை, தாயின் படம் எல்லாம் வைத்திருந்தார்கள். பாட்டி, பெரியம்மா, பக்கத்து வீடு என்று வாரத்துக்கொரு கையாக மாற்றாதீர்கள்.

சனி இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் தாயிடம் பிள்ளை முகம் திருப்பினால் மறந்துவிட்டது என்று பொருளல்ல. பாட்டி மடியிலிருந்து பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவே வரும். ஞாயிறு மாலை, அழுமே என்று தூங்கும்போது நழுவிப் போகிறார்கள். விழித்திருக்கும்போது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழட்டும், பாட்டி தூக்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.