தூண் போடலாம் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பலகை வீட்டுப் படத்தைத் தம்பி பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தான். 20 அடிக்கு 16 அடி, நமக்கு அளவான வீடு. அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அத்திவாரத்துக்கு முழுசாகக் கொங்கிரீட் தளம் போடலாம் என்கிறாயே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

நம் காணி சரிவு. தளம் போடுவதென்றால் மேட்டுப்பக்கம் வெட்டி, அந்த மண்ணைப் பள்ளப்பக்கம் கொட்டிச் சமப்படுத்த வேண்டும். நான் செய்து சூடுபட்ட வேலை அது. தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் குசினி கட்டினேனே, ஞாபகமிருக்கிறதா? பாதி வெட்டின தரையில், பாதி கொட்டின மண்ணில். இரண்டாவது மழைக்கே கொட்டின பக்கம் இறங்கி, நடுத்தரையில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு வெடித்துவிட்டது. நீ அந்த வெடிப்பில் காசைப் போட்டுவிட்டு, ஈர்க்கால் எடுக்கப் பார்ப்பாய். மண்ணைக் காலால் மிதித்தால் இறுகிவிடும் என்று நினைத்தது என் மடத்தனம்.

அதோடு, சரிவை அடியில் வெட்டினால் மேல் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். தாங்குசுவர் கட்டி, தண்ணீர் வெளியேற அதில் குழாய்கள் வைத்து... அந்தச் செலவில் இன்னொரு அறையே போடலாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிந்து லயங்களை மூடியது உனக்கும் தெரியும். ஐப்பசி மழை விடாமல் பெய்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது. அதனால் மண்வெட்டியைத் தொடும் முன்னால், நம் காணியில் மண்சரிவு ஆபத்து உண்டா என்று பார்க்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் விண்ணப்பம் கொடுக்கச் சொல்லித் தம்பியை அனுப்பப் போகிறேன். அவர்கள் வந்து பார்த்து வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சரியா?

சரி என்றால், தூண் போடலாம். பலகை வீடு பாரமில்லாதது. நீளவாக்கில் நான்கு, குறுக்கே மூன்று, மொத்தம் 12 தூண் போதும். மேலே உள்ள கறுப்பு மண்ணை நம்பக் கூடாது. அலவாங்கை ஓங்கிக் குத்தினாலும் இறங்காத கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். அடியில் அகலமாகக் கொங்கிரீட், அதன்மேல் கம்பி கட்டிய தூண். பள்ளப்பக்கத் தூண் உயரமாகவும் மேட்டுப்பக்கத் தூண் குட்டையாகவும் வரும். தலைமட்டம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைத் தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் பிடித்து நானே பார்த்துக்கொள்வேன். மேட்டுப்பக்கம் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடுகிறேன். தேயிலைக்குள் கான் வெட்டியே முதுகு வளைந்தவனுக்கு அது ஒரு வேலையா?

மரத்தில் மண் படவே கூடாது. போன வாரம் மாட்டுக் கொட்டிலின் மரக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. உள்ளே தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட் மாதிரி விரல் இறங்கிவிட்டது. கறையான் வேலை. அதனால் மேட்டுப்பக்கத்திலும் தூண் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது நிற்கட்டும். ஒவ்வொரு தூண் தலையிலும் ஒரு தகரத் தட்டு, விளிம்பைக் கீழே மடித்து. கறையான் வராமல் போகாது. ஆனால் அந்த விளிம்பைச் சுற்றி மண்புற்று கட்டித்தான் ஏற வேண்டும், அப்போது கண்ணில் பட்டுவிடும். குனிந்து பார்க்கத் தூணில்தான் இடமிருக்கிறது, தளத்தில் இல்லை.

பாரமில்லாத வீட்டைக் காற்று சுலபமாகத் தூக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அடிச்சட்டத்தைத் தூணோடு பிடிக்கும் போல்ட்டைக் கொங்கிரீட் போடும்போதே பதித்துவிட வேண்டும். நல்ல துருப்பிடிக்காத போல்ட்டாக நீ வரும்போது கொழும்பில் வாங்கி வா, இங்கே கிடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

அப்புறம், படத்தில் வாசல் பள்ளப்பக்கம் இருக்கிறது. தூண் போட்டால் அங்கே ஏழெட்டுப் படி வரும். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது படியேறுகிறாள். வாசலை மேட்டுப்பக்கம் திருப்பினால் இரண்டு படியோடு போய்விடும். திருப்பி வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா